இரண்டு கையும் ஹாண்டிலில்

இளங்கீரன் சைக்கிளில் ஏறிய விதத்தைப் பார்த்ததுமே செல்வராசாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஓடத் தெரிந்தவன் காலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருப்பான். ஏறினோம் என்பதே அவனுக்கு ஞாபகம் இராது. இந்தப் பெடியனோ சைக்கிளை ஒரு பக்கம் சாய்த்து, காலை மெதுவாகக் கடத்தி, இருக்கையில் முழுதாகக் குந்தி, இரண்டு கால் விரல்களையும் நிலத்தில் ஊன்றி, ஒரு தரம் மூச்சை உள்ளே இழுத்தான், குளிர் தண்ணீருக்குள் குதிக்கப் போகிறவன் மாதிரி. ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் கடைக்காரன் ஒட்டிய அளவுத் துண்டு இன்னும் உரிக்கப்படவில்லை. முழங்கையில் ஒரு பிளாஸ்டர். தோல் நிறம் என்று சொல்லி இந்த நாட்டில் விற்கிற பிளாஸ்டர் எங்கள் தோலில் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் இருபத்தெட்டு வருடம் மரக்கறிக் கடை நடத்திய கண் செல்வராசாவுடையது. பெட்டியின் மேல் வரிசையைப் பார்த்தே அடி வரிசைத் தக்காளியின் நிலைமையைச் சொல்லிவிடும். மகளுக்குப் பார்த்திருக்கிற இந்த ஸ்டுட்கார்ட் மாப்பிள்ளைக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது என்று அந்தக் கண் சொல்லியது. தெரியும் என்று மகளிடம் சொன்னது செல்வராசாவின் வாய்.

அந்த வாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வேணுஜாவைப் பெண் பார்க்க இதுவரை மூன்று வீட்டார் வந்து, வரவேற்பறையில் இருந்து, வடையும் ரோல்ஸும் சாப்பிட்டு, பல்கனியிலிருந்து தெரிகிற கால்வாயைப் புகழ்ந்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றுக்கும் அவள் மாட்டேன் என்றாள். காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்துகிற கடையில் வேலை அவளுக்கு. நாள் முழுவதும் மற்றவர்களின் காதுக்காக உழைத்துவிட்டு, ஞாயிறென்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வடக்குப் பக்கத்து வயல்வெளிகளுக்குள் போய்விடுவாள். பின்னேரம் கன்னம் சிவந்து, கால் சேறாகி, ஒரு வார்த்தையும் பேசாமல் மூன்று கோப்பை சோறு சாப்பிடுவாள். நாலாவது சம்பந்தம் வந்தபோது அவள் சொன்னாள்: "அப்பா, கலியாணம் எண்டா ஒருத்தரோட வாழ்நாள் முழுக்க ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்து பாக்கிறன். சைக்கிளிலை."

"அதுக்கென்ன பிள்ளை," என்றார் செல்வராசா. "அந்தத் தம்பியும் ஒவ்வொரு ஞாயிறும் ஓடுறவராம்."

அப்படி அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. கேட்காத ஆளுக்கும் ஒரு பிடி கறிவேப்பிலையைப் பைக்குள் போட்டுக்கொடுத்துப் பழகிய கை மாதிரி, வாயும் பழகிவிட்டது. சொன்னதை நிமிர்த்தி வைக்க அன்றிரவே ஸ்டுட்கார்ட்டுக்குப் போன் பண்ணி, பெடியனின் தாயிடம், "தம்பிக்குச் சைக்கிள் பழக்கம்தானே?" என்று போகிற போக்கில் கேட்டார். அந்த மனுசி ஒரு கணமும் தாமதிக்கவில்லை. "என்ன அப்பிடிக் கேட்டுப்போட்டியள், அவனுக்குச் சைக்கிள் எண்டால் சாப்பாடும் வேண்டாம்," என்றாள். செல்வராசா ஆறுதலாகப் படுத்தார். தான் சொன்ன பொய்யை மறுபக்கத்திலும் ஒரு வியாபாரி ஒத்துக்கொண்டவுடன் அது உண்மையாகிவிட்டது என்று, இத்தனை வருடம் சாமான் விற்ற மனிதர் நம்பினார்.

வேணுஜா நம்பினாளா என்பது தெரியாது. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள். "இதிலையும் உங்கட கடைக்கதை இருந்துதெண்டால், இனி என்ர கலியாணத்தைப் பற்றி இந்த வீட்டிலை ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. அம்மாவும்தான்." கையை நீட்டினாள். ஜெர்மன்காரர் மாதிரி, அப்பாவும் மகளும் கை குலுக்கினார்கள்.

அதனால்தான் செல்வராசாவும் கூட வந்தார். சாமானைக் காட்டுகிற நேரத்தில் கடைக்காரன் கடையில் நிற்கவேண்டும் என்பது அவர் கொள்கை. சீனி வருத்தத்துக்காக டொக்டர் சொல்லி வாங்கிய பற்றறிச் சைக்கிள் இருந்தது. அதன் இரண்டு பக்கப் பைகளிலும் மனைவி சுந்தரேஸ்வரி, வடை, மிளகாய்ப் பொரியல், மரக்கறி ரோல்ஸ், பிளாஸ்கில் தேத்தண்ணி என்று ஒரு கலியாண வீட்டையே அடைத்துவிட்டிருந்தாள்.

வேணுஜா முன்னால் போனாள். கால்வாய்க் கரையில் காலை வெயில். சரளைக்கல் ஏற்றிய நீளப் படகொன்று அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதன் மேல்தட்டில் ஒரு மனுசி உடுப்புக் காயப்போட்டாள். ஒரு காலத்தில் கரிச்சுரங்கக்காரர் கொட்டிய மண்மேடுகள் இப்போது புல்லும் மரமும் முளைத்துத் தங்களை மலை என்று சொல்லிக்கொண்டு நின்றன. செல்வராசாவுக்கு அந்த மேடுகளைப் பிடித்துப்போனது. அவையும் ஒருவகையில் அவருடைய சாதிதான்: கிடைத்ததை அடுக்கி, மேலே பச்சையைப் பரப்பி, நல்லபடியாகக் காட்டுகிற ஆட்கள். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும், விடியப்புறம் மொத்தச் சந்தைக்குப் போகிற நெடுஞ்சாலையைத் தவிர வேறெதையும் அவர் பார்த்ததில்லை. வீட்டிலிருந்து அரை மணித்தியாலத்தில் பார்லி வயல் இருக்கிறதென்றும், காற்று வந்தால் அது முழுக்க ஒரே நேரத்தில் தலையைத் திருப்புமென்றும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. வேணுஜா சொல்லியிருப்பாள். அவர் அப்போது கல்லாவில் நின்றிருப்பார்.

அவள் ஓடுகிற அழகைப் பார்க்கவேண்டும். முதுகு அசையாது, தோள் அசையாது; கால்கள் மட்டும் தம் பாட்டுக்குச் சுற்றும். எதிரே வருகிற கிழவன் கிழவிகளுக்கெல்லாம் ஒரு கையைத் தூக்கி ஹலோ சொல்லுவாள். திரும்புகிற இடத்தில் அந்தக் கை பக்கவாட்டில் நீளும், பிறகு தானாகத் தன் இடத்துக்கு வந்துவிடும். தண்ணிப் போத்தலை எடுத்துக் குடித்து, மூடி, வைப்பாள். சைக்கிள் ஒரு நூல்கூட விலகாது. எங்கட வீட்டிலையா இது வளந்தது என்று செல்வராசா யோசித்தார். கல்லாவுக்குப் பின்னால் வெங்காயச் சாக்கில் இருந்து வீட்டுப்பாடம் செய்த பிள்ளை.

இளங்கீரனின் கைகள் மட்டும் ஹாண்டிலை விட்டு அசையவேயில்லை. யாராவது ஹலோ சொன்னால் முகம் முழுவதாலும் சிரித்தான், கை எழவில்லை. மூக்கில் வியர்வை வடிந்தது; துடைக்கவில்லை. மணி அடிக்கவேண்டிய இடத்தில் தொண்டையைச் செருமினான். ஒரு நாய் குறுக்கே வந்தபோது அந்த நாயிடமே, "மன்னிக்கோணும்," என்று தமிழில் சொன்னான். ஆனால் விழவில்லை. அதுதான் செல்வராசாவுக்கு விளங்காத கணக்கு. பின்னாலிருந்து பார்க்க அவனுடைய சேர்ட் முதுகோடு ஒட்டி, கழுத்து நரம்பு புடைத்து, ஒவ்வொரு சுற்றும் ஒரு பெரிய முடிவு போல இருந்தது. அப்படியே முடிவுக்கு மேல் முடிவாக எடுத்துக்கொண்டு அவன் போய்க்கொண்டிருந்தான்.

"பிள்ளை, கொஞ்சம் நில்," என்று செல்வராசா கத்தினார். "என்ர முழங்கால் பிடிச்சிட்டுது."

வேணுஜா திரும்பாமலே நின்றாள். "பற்றறி ஓடுது அப்பா. உங்கட முழங்கால் என்ன செய்தது?"

"சும்மா இருந்தாலும் பிடிக்கும். வயசு."

பெடியன் இறங்கி, சைக்கிளை ஒரு வேலியில் சாத்திவிட்டு, ஒரே மூச்சில் அரைப் போத்தல் தண்ணியைக் குடித்தான். அதன்பிறகு செல்வராசாவுக்கு முழங்கால் பிடித்தது, முதுகு பிடித்தது, சப்பாத்து நூல் அவிழ்ந்தது, வயலில் மேய்கிற குதிரையைப் பார்க்கவேண்டும் போல இருந்தது, வடை ஆறிவிடும் என்று பயம் வந்தது. காலையில் பொரித்த வடை ஏற்கெனவே ஆறித்தான் இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெடியன் தண்ணி குடித்தான். ஒரு நிறுத்தத்தில் சுந்தரேஸ்வரி போன் எடுத்தாள்.

"என்ன, கதைக்கினமோ?"

"ஓடினம்."

"கதைக்கினமோ எண்டெல்லோ கேட்டனான்."

"கதைக்கிறதுக்கு மூச்சு வேணும் அப்பா," என்று சொல்லிவிட்டு வைத்தார். நாற்பது வருடமாக அவளும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள், அவரும் அவளை அப்படித்தான்.

லிப்ப ஆற்றுக்கு வந்தார்கள். அங்கே பாலமில்லை. சைக்கிள்காரருக்கென்று ஒரு மிதவை, இரண்டு கரைக்கும் சங்கிலி. ஓட்டுகிற ஆள் கிடையாது, ஏறியவர்களே சக்கரத்தைச் சுற்றி அக்கரைக்குப் போகவேண்டும். ஆளில்லாத கடையைப் பார்த்ததுபோல் செல்வராசா அதைச் சந்தேகத்தோடு பார்த்தார். இளங்கீரனுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. சக்கரத்தின் கைபிடியை வாங்கி, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, அப்படி ஒரு சுற்றுச் சுற்றினான். மிதவை ஆற்றைப் பிளந்துகொண்டு போனது. கூட ஏறியிருந்த ஒரு வயோதிபத் தம்பதியோடு வேணுஜா மறு ஓரத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தாள். சங்கிலி கடகடவென்று சத்தம் போட்டது. செல்வராசா பக்கத்தில் போய் நின்றார்.

"தம்பி, எத்தினை நாளாச்சு?"

இளங்கீரன் சுற்றுவதை நிறுத்தவில்லை. "எது அங்கிள்?"

"பழகத் தொடங்கி."

இளங்கீரன் சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுற்றினான். "மூண்டு கிழமை," என்றான் பிறகு. "ஞாயிறிலை சுப்பர்மார்க்கெட் பூட்டுத்தானே, அந்தக் கார் விடுற இடத்திலை. மற்ற நாளிலை வேலை முடிஞ்சு, இருட்டின பிறகு. சின்னப் பிள்ளையள் பாத்துச் சிரிக்காத நேரமாய்."

"இந்த நாட்டிலை வளந்த பிள்ளை. நாலாம் வகுப்பிலை எல்லாருக்கும் பொலிஸ்காரர் வந்து சைக்கிள் சோதினை வைக்கிறவை."

"அண்டைக்கு அம்மா ஸ்கூலுக்குப் போன் பண்ணி எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லிட்டா. எங்கட றோட்டு ஒரே இறக்கம். நான் ஒரே பிள்ளை." சிரித்தான். "பிறகு ஒவ்வொரு வருசமும் கேக்க வெக்கம் கூடிக்கொண்டே போச்சுது. அங்கிள், ஒண்டு கேக்கலாமோ? நான் சைக்கிள் ஓடுவன் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

செல்வராசா ஆற்றைப் பார்த்தார். ஒரு வாத்து குஞ்சுகளோடு ஓரமாகப் போனது. "உங்கட அம்மா," என்றார்.

அது பொய்யும் இல்லை. அவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக, பொய்யில்லாத ஒன்றைச் சொல்லி நா கசந்தது.

"திரும்பேக்கை மட்டும் பயமாய்க் கிடக்கு," என்றான் பெடியன் மெல்ல. "ஒரு கையை எடுத்தால் மற்றக் கை என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியாது."

"நீங்கள் எடுக்காதேங்கோ. நான் சமாளிக்கிறன்."

அக்கரையில் வயல்களுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய தார்ப்பாதை. ஒரு பக்கம் முழங்கால் உயரத்தில் சோளம், மறுபக்கம் வாய்க்கால், அதன் கரை நிறைய, பட்டால் தோல் தடிக்கிற காஞ்சோண்டி. பாதை வளைகிற இடத்தில் ஒரு உழவு மெசின் வந்தது. வேணுஜா கையைத் தூக்கி ஓரமாக ஒதுங்கினாள். செல்வராசா ஒதுங்கினார். மெசின்காரரும் நல்ல மனிதர், வேகத்தைக் குறைத்து, சிரித்து, கையைத் தூக்கினார். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் கெட்டது. இவ்வளவு பெரிய மெசினை மெதுவாக்கி ஒரு மனிதர் ஹலோ சொல்லும்போது பதிலுக்குக் கையைத் தூக்காமல் இருக்க யாழ்ப்பாணத்து வளர்ப்பு விடவில்லை. இளங்கீரன் வலது கையைத் தூக்கினான். மற்றக் கை என்ன செய்யுமென்று அவனுக்கு அப்போது தெரிந்தது. சைக்கிள் வாய்க்கால் பக்கம் படுத்தது. அவன் காஞ்சோண்டிக்குள் போனான்.

மெசின்காரர் இறங்கி வந்து, எலும்பு ஒன்றும் முறியவில்லை என்று பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். வயல்முனையில் ஒரு சிலுவையும் அதன் கீழே உட்கார ஒரு மர வாங்கும் இருந்தன. பெடியனின் இரண்டு கையும் கன்னமும் சிவந்து தடித்திருந்தன. வேணுஜா தன் போத்தல் தண்ணியால் கழுவினாள். செல்வராசா வடைப் பெட்டியைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த முதலுதவி அதுதான்.

"கியர்," என்றாள் வேணுஜா, கழுவிக்கொண்டே. "காலமையிலை இருந்து உங்கட சைக்கிள் ஒருக்காலும் கியர் மாறேல்லை. பாலம் ஏறேக்கையும் அதே சத்தம், இறங்கேக்கையும் அதே சத்தம். நான் காதாலை சீவிக்கிறவள்."

இளங்கீரன் தலை நிமிரவில்லை. "அப்ப கால்வாயிலேயே தெரியும்?"

"முதல் பாலத்திலை. அதுதான் மேட்டுப் பக்கத்தாலை போகாமல் இந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்தனான்."

செல்வராசா கையில் வடையோடு அப்படியே இருந்தார். தான் நாள் முழுவதும் நிறுத்திய நிறுத்தங்களுக்கு அவள் ஒரு சொல்லும் மறுப்பில்லாமல் நின்றது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. முன்னால் போனவள் திரும்பியே பார்க்கவில்லை. பின்னால் இருந்த இரண்டு பேரின் கள்ளத்தையும் முதுகால் கேட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

"சொல்லியிருக்கலாம்தானே," என்றாள் அவனிடம்.

"சொல்லியிருந்தால் வந்திருப்பீங்களோ?"

அவள் யோசித்தாள். "இல்லை."

காற்று வந்து சோளத்தைக் கலைத்தது. விற்கவும் மாட்டாமல் மடிக்கவும் மாட்டாமல் ஒரு சாமானை வைத்துக்கொண்டு நிற்கிற நேரமொன்று எந்தக் கடைக்காரனுக்கும் வரும். செல்வராசா தொண்டையைச் செருமினார். "பிள்ளை, அந்தத் தம்பியிலை பிழையில்லை. அவர் ஓடுவார் எண்டு முதல் சொன்னது நான். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"தெரியும் அப்பா."

"எப்பிடி?"

"கடையிலை இருக்கிற சாமானை நீங்கள் ஒருநாளும் புகழ்றேல்லை. விலையை மட்டும் சொல்லுவியள். இல்லாத சாமானைத்தான் புகழ்ந்து, நாளைக்கு வரும் எண்டு சொல்லுவியள்."

இளங்கீரன் சிரித்துவிட்டான். தடித்த கன்னம் வலிக்க, கையால் பொத்திக்கொண்டு சிரித்தான். வேணுஜா சிரிக்கவில்லை, ஒரு வடையை எடுத்துக் கடித்தாள். "கை குலுக்கினனாங்கள் அப்பா. அதை வீட்டை போய்க் கதைப்பம்," என்றாள். பிறகு அவனைப் பார்த்து, "பக்கத்து ஊரிலை ரெயின் இருக்கு. சைக்கிளையும் ஏத்தலாம். வெக்கப்பட ஒண்டுமில்லை."

இளங்கீரன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளங்கை இரண்டிலும் ஹாண்டிலின் அச்சு விழுந்திருந்தது. "எவ்வளவு தூரம் திரும்பிப் போக?"

"வந்த அளவு."

"அப்ப ஓடுவம்," என்றான்.

ஹெல்மெட்டைப் போடப்போனவனை அவள் நிறுத்தி, பின்பக்கத்து அளவுத் துண்டை நகத்தால் உரித்து, பொக்கற்றுக்குள் போட்டாள்.

திரும்புகிற வழியில் வேறொன்று நடந்தது. காலையிலிருந்து கூடிய வேகத்தில் வைத்து ஓடிய செல்வராசாவின் பற்றறி, ஆற்றைக் கடந்ததும் செத்துப்போனது. பற்றறி இல்லாத பற்றறிச் சைக்கிள் என்பது சக்கரம் பூட்டிய கல்லா. இப்போது அவருக்கு உண்மையிலேயே முழங்கால் பிடித்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கு அந்த முழங்காலை அவர் ஏற்கெனவே விற்று முடித்திருந்தார். ஒவ்வொரு மேட்டிலும் இளங்கீரன் நின்று அவருக்காகக் காத்திருந்தான். நிற்கிற விதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்திக்கொண்டு வந்தது. வேலியைத் தேடாமல் ஒற்றைக் காலில் நின்றான். வேணுஜா கொஞ்சத் தூரம் அவன் பக்கத்தில் ஓடி ஏதோ சொல்லிவிட்டு மறுபடி முன்னால் போனாள். என்ன சொன்னாளென்று செல்வராசாவுக்குக் கேட்கவில்லை. ஆனால் ஒரு பாலத்தில் ஏறும்போது முன்னாலிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் அவர் காதுக்கும் வந்தது. பெடியனின் கால்கள் இலேசாகச் சுற்றத் தொடங்கின. வேணுஜா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய தோள் மட்டும், காலையிலிருந்து அசையாத அந்தத் தோள், ஒருமுறை எழும்பி இறங்கியது.

பார்லிக்கு மேல் வெயில் சாய்ந்து, வயல் முழுக்கத் தேத்தண்ணி நிறமாகியது. செல்வராசா மூச்சு வாங்கிக்கொண்டே அதைப் பார்த்தார். எத்தனை தலைமுறை வியாபாரி வந்தாலும் இதற்கு விலை போட்டு வாங்க முடியாது, சும்மா கிடக்கிறது, அதுவும் வீட்டுக்குப் பக்கத்தில். வரும் ஞாயிறும் வரவேண்டும் என்று நினைத்தார். மகள் கூட்டிக்கொண்டு வருவாளோ தெரியாது. வாய் திறக்கக் கூடாது என்றால் திறக்காமல் பின்னால் வரலாம். பற்றறியை மட்டும் கவனமாகப் பாவிக்கவேண்டும்.

கால்வாயைக் கடந்து ஊருக்குள் வந்ததும் வேணுஜா வேகத்தைக் குறைத்தாள். நாள் முழுக்க முன்னால் போனவள் இப்போது இளங்கீரனை முந்தவிட்டு அவன் பின்னால் போனாள். அதன் காரணம் செல்வராசாவுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. அடுத்த சந்தியில் வீட்டுக்கு இடதுபக்கம் திரும்பவேண்டும். பின்னால் ஒரு கார் வந்துகொண்டிருந்தது. யார் முன்னால் போகிறாரோ அவர்தான் முதலில் கை காட்டவேண்டும்.

பெடியன் தோளுக்கு மேலால் பின்னே பார்த்தான். சைக்கிள் ஒரு பக்கம் சரிந்து, நிமிர்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு அவனுடைய இடது கை ஹாண்டிலை விட்டது. முதலில் விரல்கள், பிறகு உள்ளங்கை. காஞ்சோண்டி கடித்துத் தடித்த அந்தக் கை கடைசியில் நேராக நீண்டது. சைக்கிள் ஆடியது. விழவில்லை. அவன் பின்னால் வேணுஜாவின் கை நீண்டது. கார்க்காரர் பொறுத்து நின்றார். எல்லாருக்கும் பின்னால், தனக்குப் பின்னால் அந்தக் காரைத் தவிர ஒருவரும் இல்லாத செல்வராசாவும் தன் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். விரல்களுக்கு நடுவால் காற்றுப் போனது.

மேலே மூன்றாம் மாடிப் பல்கனியில் நெடுநேரமாகக் காத்துக்கொண்டு நின்ற சுந்தரேஸ்வரி, ஒன்றின் பின் ஒன்றாக நீண்ட மூன்று கைகளையும் பார்த்தாள். தனக்குத்தான் ஏதோ சொல்லுகிறார்கள் என்று எண்ணி, கையிலிருந்த துவாயைத் தோளில் போட்டுவிட்டு, அவளும் தன் கையைத் தூக்கினாள்.